பாதியில் நின்ற வாசிப்பு

எங்கள் சபைக்குப் போதகர் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். மலைப்பாதையில் ஏதாவது லாரி மாட்டிக்கொண்டால் வந்துசேர நேரமாகிவிடும். அந்த மாதிரி நாட்களில் எங்களில் ஒருவர் எழுந்து வேதம் வாசிப்போம். போன வருடம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி எழுந்தவள் என் மனைவி.

எங்கள் தோட்டத்து வாழைத்தார் ஒன்றை அன்று காணிக்கையாகக் கொண்டுபோய் முன்னால் வைத்திருந்தாள். அவளுக்கு வந்த பகுதி, இயேசு மலைமேல் உட்கார்ந்து பேசுவது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், தன்மேல் ஒருவருக்கு மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவரோடு சமாதானமாக வேண்டும் என்று அவர் சொல்லும் இடம். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அன்று அவள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். எழுத்து தெரியவில்லையோ என்று நினைத்தேன். அவள் வேதாகமத்தை மூடினாள்.

"இதுக்கு மேல படிக்க எனக்கு வாய் வரலீங்க. ஒருத்தருகிட்டப் போயிட்டு வாரேன்" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

யாரிடம் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணியிடம். ஊற்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே ரப்பர்க் குழாயில், நாங்கள் ஓஸ் என்பதில்தான், தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் எங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. அண்ணிதான் ஓஸை அறுத்துத் திருப்பிவிட்டாள் என்று என் மனைவி ஊர் கேட்கக் கத்தினாள். மறுநாள் நான் ஓஸ் போன வழியே ஏறிப் பார்த்தேன். காட்டுப்பன்றி கடித்துக் குதறியிருந்தது. இவளிடம் வந்து சொன்னேன். இருவருமே அதை வெளியில் சொல்லவில்லை. தப்பை ஒத்துக்கொள்வதைவிடப் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது. அண்ணன் வீட்டார் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. அதை ஒரு சாக்காக வைத்து, வேதத்தில் எங்களுக்கு ஆறுதலான இடங்களை மட்டும் தேடிப் படித்து நாட்களை ஓட்டினோம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூச்சத்தோடு எழுந்து அவள் பின்னால் போனேன். ஆனாலும் அண்ணன் வீட்டு ஓரத்துக் காப்பிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் போகக் கால் எழவில்லை. பேச்சு காதில் விழும் தூரத்தில் அங்கேயே நின்றுவிட்டேன்.

அண்ணி வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஓஸ நீங்க அறுக்கல. பன்னி கடிச்சது. அது எனக்கு அப்பவே தெரியும். உங்க மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அண்ணி நிமிரவே இல்லை. "ரெண்டு வருசமாத் தெரியுமா?"

"ஆமாங்க அக்கா."

"எம் மக கல்யாணத்துக்குக் கூட வரல நீ. இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது."

அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை, அழவும் இல்லை. திட்டுவதானால் திட்டட்டும் என்று நின்றாள். அண்ணி ரொம்ப நேரம் மிளகைக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார். அதற்குள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"மழ வருது. நின்னுட்டே இருக்காத, அந்தத் தலப்பப் புடி" என்றார்.

இருவரும் தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கப்புறம் நானும் போனேன். திக்கித் திணறி என் பங்கையும் சொன்னேன். அண்ணனுக்கு மனதார இரண்டு வார்த்தை பேசப் பல மாதம் ஆனது. மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது என்பதை அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் நனைந்து திரும்பியபோது போதகர் வந்திருந்தார். நடந்ததை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் மனைவியைப் பார்த்து, "விட்ட எடத்துலருந்து படிம்மா" என்றார். ஈரச் சேலையோடு நின்று மிச்சத்தைப் படித்து முடித்தாள். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அன்று அவர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

நான் அவளைவிட அதிகம் படித்தவன். சபையில் நீளமாக ஜெபிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன். அந்த வார்த்தையை அவளோடு சேர்ந்து கேட்ட அத்தனை பேரில், கேட்ட மாத்திரத்தில் எழுந்து போனவள் அவள் ஒருத்திதான். அவள் என் மனைவி என்பதில் எனக்கு இருக்கும் பெருமையை மறைக்க நான் முயன்றதில்லை.

இந்தக் கோடையில் அண்ணனும் நானும் சேர்ந்து ஊற்றிலிருந்து புதுக் குழாய் இழுத்தோம். பன்றி தோண்டாத ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினோம். மதியச் சோறு அண்ணி வீட்டில். என் மனைவிக்கு இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டே, "உங்க புஸ்தகத்துல இன்னும் என்னென்ன சொல்லியிருக்குது?" என்று அண்ணி கேட்டார்.

"நெறைய இருக்குதுங்க அக்கா. படிக்கப் படிக்க வேலதான் கூடுது" என்றாள் அவள்.