போய்ட்டு வர்றேன் என்றொரு பொத்தான்

டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்திருக்கும்போது என் அண்ணனுடைய செல்போன் என் மடியில்தான் இருக்கும். அதில் அவருடைய கோட்டை எரிந்துகொண்டிருக்கும். அண்ணனை நினைத்தால் எனக்கு இப்போதும் அதுதான் முதலில் வருகிறது. ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிவர ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பிரஷர் இறங்கிவிடும். கண் திறக்க முடியாது, கை தூக்க முடியாது. குளிருது என்பார். நான் போர்வையை இழுத்துவிட்டுப் பாதத்தைத் தேய்ப்பேன். அந்த நேரம் பார்த்து போன் நடுங்கும். எடுத்துப் பார்த்தால் விளையாட்டில் அவர் கட்டின மதில் மேலெல்லாம் புகை, குட்டிக் குட்டியாய் ஆட்கள் ஓடுகிறார்கள். எதை அமுக்கினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. முருகா, படுத்துக் கிடக்கிறவரைப் போய் அடிக்கிறார்களே என்று வேண்டிக்கொள்வேன். இதற்கெல்லாமா கடவுளைக் கூப்பிடுவது என்று கூச்சமாகவும் இருக்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் நெற்றியில் திருநீறு பூசிவிடுவது என் வழக்கம். "போனுக்கும் கொஞ்சம் பூசி வுடு அம்மிணி, அதுக்குத்தான் அடி ஜாஸ்தி" என்பார்.

அண்ணன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மேசை நீளத்துக்குத் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே ஓட்டத்தில் வெட்டி எடுக்கிற வேலை. பெண் அமையாமலே வயது போய்விட்டது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது என்று தெரிந்ததும் முதலாளியிடம் மறைக்காமல் சொன்னார். அவர்களும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். நிற்க வேண்டாம் என்று முதலில் ஒரு சேர் போட்டார்கள். பிறகு மேசையை வேறொருவரிடம் கொடுத்தார்கள். பிறகு, ஊட்ல ரெஸ்ட் எடுங்க மாஸ்டர், நல்லானதும் வாங்க என்றார்கள். யாரும் ஒரு கோபச் சொல் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. மங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த விளையாட்டு அப்போது பிடித்த பழக்கம். போனில் ஆளுக்கொரு கோட்டை கட்டி, படை சேர்த்து, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு சண்டை போடுவார்கள். தனியாக இருந்தால் பிழைக்க முடியாது என்பதால் கூட்டணி சேர்ந்துகொள்வார்கள். அண்ணனுடைய கூட்டணியில் எல்லோரும் தமிழ் ஆட்கள். தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. அவர் அண்ணனை 'மாஸ்டர் அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். யாரை எப்போது அடிப்பது, யார் பின்னால் நிற்பது என்று இவரைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டார்கள். போனில் அவர் பேசி அனுப்புகிற குரல் வந்ததும் அண்ணன் நிமிர்ந்து உட்காருவார். கம்பெனியில் மேசை முன்னால் நிற்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பெரிய சண்டை ஒன்று ஆரம்பித்தபோதுதான் கஷ்டம் வந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நேரத்தில், கோட்டையைக் காக்க ஆளில்லை என்பதை எதிரிகள் கண்டுகொண்டார்கள். காரணம் தெரியாது, நேரம் மட்டும் தெரியும். ஒரு கோட்டை விழுந்தால் கூட்டணி முழுவதற்கும் நஷ்டம். அடிபடாமல் இருக்கக் கேடயம் என்று ஒன்று உண்டு, அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அண்ணன் வாங்க மாட்டார். கூட்டணிக்காரர்களிடம் உடம்பைப் பற்றிச் சொல்லவும் மாட்டார். "சொன்னா என்னங்ணா, அவங்களும் மனுசங்கதானுங்களே" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பெனில சொன்னேனே அம்மிணி. சேர் போட்டாங்க. இவங்களும் சேர்தான் போடுவாங்க."

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள், புதிதாக என்ன வேண்டும் என்று ஆடுகிறவர்கள் எழுதிப் போடுவதற்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். அங்கே எழுதப்போவதாகச் சொன்னார். அதற்குத் தலைவரிடமே சொல்லிவிடலாமே என்றேன். "எனக்குன்னு தனியாக் கேக்க மாட்டேன். ஒத்தத் துணிய மேசைல போட்டு யாராச்சும் வெட்டுவாங்களா? எல்லாத்துக்கும் சேத்திக் கேக்கோணும். அதுல என்னுதும் ஒண்ணு வரும்" என்றார்.

அவர் கேட்டது ஒரு பொத்தான். விளையாட்டை விட்டுப் போவதற்கு அதில் 'வெளியேறு' என்றுதான் இருக்கிறதாம். தொரத்தற மாதிரி இருக்குது என்று அவருக்கு அது பிடிக்காது. நாம் யாராவது போகிறேன் என்று சொல்லிக் கிளம்புவோமா? அதனால் 'போய்ட்டு வர்றேன்' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை அமுக்கிவிட்டுப் போனவன் திரும்பி வரும்வரை அவன் கோட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது. இதைத் தமிழில் எழுதி, போனையே இங்கிலீஷாக்கச் சொல்லி அனுப்பினார். இரண்டொரு நாளில் பதில் வந்தது. உங்கள் யோசனைக்கு நன்றி, சண்டைக்குப் போன படைகள் ஏற்கெனவே தாமாகத் திரும்பி வருகின்றன என்று இருந்தது. அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். "படை போய்ட்டு வருதாமா. ஆளு?"

மறுபடி விளக்கமாக எழுதினார். அதற்குக் கீழே வேறு நாட்டுக்காரர் ஒருவர், தோற்கிறவன் எல்லாம் இதை அமுக்கிவிட்டு ஒளிந்துகொள்வான் என்று எழுதியிருந்தார். அண்ணனுக்குக் கோபம் வரவில்லை, அவன் சொல்வது சரிதான் என்றார். கட்டிலில் கிடந்தபடியே யோசித்து, சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரும்வரை யாரையும் அடிக்கக் கூடாது, கோட்டை நிலத்து விளைச்சலும் எடுக்கக் கூடாது என்று சேர்த்தார். அப்புறம் இன்னொருவர், எத்தனை நாளைக்கு அப்படிப் போயிருக்கலாம் என்று ஒரு கணக்கு வேண்டுமே என்று கேட்டார். அதைப் படித்துக் காட்டிவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் பதில் எழுதவேயில்லை.

தலைவரின் குரல் வந்தது அதற்கடுத்த வாரம். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. உங்க கோட்டை விழுந்துக்கிட்டே இருக்கு, மத்தவங்க கேக்குறாங்க. சண்டை முடியிற வரைக்கும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். அவரும் மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணன் சரிங்க என்று மட்டும் அனுப்பிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். அன்று சோறு வேண்டாம் என்றார். பிறகு போன் நடுங்கினாலும் எடுத்துப் பார்க்கமாட்டார். நான் எடுத்துக் காட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மார்கழி பாதியில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூச்சு நின்றது.

கோயிலுக்குப் போனால் என் வீடு, என் பிள்ளைகள் என்றுதான் அதுவரை வேண்டுவேன். இப்போது அப்படிக் கேட்க வாய் வருவதில்லை. அந்த அறையில் கிடக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். முருகன் அதில் எதைக் கொடுப்பானோ, எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் காலையில் அந்தக் குரல் மறுபடி வந்தது. "மாஸ்டர் அண்ணே, சண்டை முடிஞ்சிருச்சு. உங்க இடம் காலியாத்தான் இருக்கு. எப்ப வர்றீங்க?" நான் மாஸ்டரோட தங்கச்சிங்க என்று ஆரம்பித்து, உடம்பு, ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் பேசி அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. ஆளாளுக்கு அவரு கோட்டையில காவல் நின்னுருப்போமே."

"சொன்னாருங்க. எல்லாரும் பாக்கற எடத்துல எழுதிப் போட்டிருந்தாருங்க. போய்ட்டு வர்றேன்னு ஒரு பொத்தான் வேணும்னு."

அவர் எங்கோ தள்ளி நடந்திருக்க வேண்டும், இரும்புச் சத்தம் தூரமாகப் போயிற்று.

"அத நான் படிச்சேன்க்கா" என்றார். "விளையாட்டுக்குன்னு நெனச்சேன்."