கடல் இழைத்த கட்டைகள்

சில வருடங்களுக்கு முன், ஆடி முடியும் சமயத்தில் நடந்தது இது. எலப்புள்ளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் கோரையாறு அந்த வாரம் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளம் வந்தால் மலையிலிருந்து மரங்களும் மிதந்து வரும். துணிந்தவர்கள் நீந்திப் போய்ப் பிடித்துக் கரையேற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒரு தேக்குத் தடியைக் கண்டு குதித்தார். "வாசக்காலுக்கு ஆச்சுடா!" என்று கத்தினாராம். "மரம் வருதோ இல்லையோ, ஊட்ல வெளக்கமாறு வரும். ஏறி வாய்யா!" என்று கரையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். தடி புரண்டது. ஆள் மேலே வரவில்லை.

இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஆறு போய்ச் சேரும் பொன்னானிக் கடற்கரையில் பொறுக்கி வந்த கட்டைகளை முன்னறையில் அடுக்கி வைத்திருந்தேன். எந்த வருடம், எந்த மழைக்குப் பின் கிடைத்தது என்று ஒவ்வொன்றின் அடியிலும் குறித்து வைப்பது என் பழக்கம். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, இதெல்லாம் ஆத்துல போன மரந்தானுங்களே?"

"ஆமாம்மா."

"அப்ப அவரும் அங்கதான ஒதுங்கியிருப்பாரு? கூட்டிட்டுப் போங்கண்ணா. மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதுமுங்க."

அந்தப் பெண்ணின் தம்பியும் மற்றவர்களும் ஆற்றில் தேடிக்கொண்டிருக்க, நானும் என் மனைவியும் அவரைக் காரில் அழைத்துப் போனோம்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் நெடுக மரங்கள் கிடந்தன. புதிதாக வந்தவற்றில் இன்னும் பச்சை வாசனை இருந்தது. பழையவை பட்டை உரிந்து வெளுத்திருந்தன; முண்டும் முடிச்சுமான வேர்கூட உள்ளங்கைக்கு வழவழவென்று இருந்தது. ஈரம் காயக் காய, சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து ரேகைகள் மெல்லத் தெளிந்து வந்தன. அந்த நேரத்திலும் அதைக் கவனித்த என் கண்ணை எனக்கே பிடிக்கவில்லை.

அவர் ஒவ்வொரு மரமாகக் குனிந்து, அடியில் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பெரிய வேர்க்கட்டை முன்னால் படம் எடுத்துக்கொள்ள வந்த இளம் ஜோடி, "சேச்சி, ஒன்னு மாறி நிக்காமோ?" என்று மலையாளத்தில் கேட்டது. நகர்ந்து நின்றார். அவர்கள் போனதும் அந்தக் கட்டையின் அடியிலும் குனிந்து பார்த்தார்.

மதியம் தம்பியிடமிருந்து போன் வந்தது. எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கீழே, தடுப்பணையில் அடைத்துக் கிடந்த மரங்களுக்கு அடியில் அவர் கணவர் இருந்திருக்கிறார். கடல் பக்கமே வரவில்லை. "அக்காகிட்ட மொகத்தக் காட்ட முடியாதுங்க. துணியச் சுத்திட்டோம்" என்றார்.

நான் போனில் பேசிய விதத்திலேயே அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. கரை நெடுகப் பார்த்தார்.

"இத்தன சும்மா கெடக்குது... ஒன்னுக்குப் போயி..."

ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில், துணியை விலக்கச் சொல்லி எல்லாரிடமும் கெஞ்சினார். யாரும் விடவில்லை. முரட்டு வேரையும் வருடக்கணக்கில் பொறுமையாக இழைத்துக் கொடுக்கத் தெரிந்த தண்ணீர், ஒரு மனிதரின் முகத்தை அவர் மனைவி ஒரு தடவை பார்ப்பதற்குக்கூட விட்டுவைக்கவில்லையே என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.