வளைகாப்புக்கு நாற்பது லோஷன் கட்டிகள்

அக்காவின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டப்பா வாங்கலாம் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் குறுக்கே புகுந்து, நானே லோஷன் கட்டி செய்து தருகிறேன் என்றேன்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் எங்களுடையது. நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா ஐந்தாவதோடு தறிக்கு வந்துவிட்டாள். நான் மட்டும் திருப்பதி வரை போய் வேதியியல் படித்தேன். படித்ததை வைத்து வீட்டுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று ஆசை.

சித்தூரில் மாமியார் வீட்டில் இருந்த அக்கா போனிலேயே எச்சரித்தாள். "டேய், எங்க மாமியார் சொந்தமே பதினஞ்சு பேரு வர்றாங்க. எதுனா கோக்குமாக்கா பண்ணி என் மானத்த வாங்கிடாத!"

தேன்மெழுகையும் தேங்காயெண்ணெயையும் ஷியா பட்டர் என்கிற கொட்டைக் கொழுப்பையும் உருக்கி, அம்மாவின் மினி இட்லித் தட்டில் ஊற்றினேன். ஆறியதும் கட்டியாகிவிட்டது. கையில் வைத்துத் தேய்த்தால் உடம்புச் சூட்டுக்கு லேசாக இளகித் தோலில் படியும். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கித் தட்டில் அடுக்கினேன். தறியிலிருந்து வந்த நைனா ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னாடா இது, கோவா மெழுகாட்டம் கீது?"

"நைனா, அது துன்றது இல்ல! கைக்குப் பூசிக்கிறது!"

"பூசிக்கிறத எதுக்குடா முட்டாய் மாரி சுத்தி வெச்சிகினு கீற?"

மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "உதடு மட்டும் பளபளன்னு கீது" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். நாற்பதில் மிஞ்சிய எல்லாவற்றையும் பிரித்தேன். இந்த முறை தட்டையாகக் காகிதத்தில் மடித்தேன். "இப்போ சோப்பாட்டம் கீதுடா, தேச்சிக் குளிச்சிடுவாங்க" என்றாள் அம்மா. கடைசியில் தறியில் மிஞ்சிய பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டி, அதில் சுற்றி, சிவப்பு நூலால் கட்டி, தெலுங்கிலும் தமிழிலும் சீட்டு எழுதிக் கோத்தேன்: 'சாப்பிடக் கூடாது. குளிக்கக் கூடாது. கையில் தேய்த்துக்கொள்ளவும்.' வீடியோ காலில் காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "டிரான்ஸ்பார்மர்ல மாட்டற போர்டாட்டம் கீதுடா!"

வெயிலில் இளகாமல் இருக்கத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் சித்தூர் வரை பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான், "மீனு வாசனையே வர்லியேப்பா?" என்று கேட்டார்.

விசேஷத்தில் முதல் இரண்டு வளையல்கள் எப்படியோ ஏறிவிட்டன. மூன்றாவது அக்காவின் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. ஏழாம் மாதம், கை வீங்கியிருந்தது. வளைகாப்பில் கண்ணாடி வளையல் உடைந்தால் எவ்வளவு பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"உடைஞ்சிடப் போவுதும்மா, இழுக்காத!" அக்காவின் மாமியார் இடத்தை விட்டு எழுந்துவிட்டார்.

"எண்ணெ எடுத்தாங்க" என்றாள் வளையல்காரம்மா.

"பட்டுப் பொடவ மேல ஒழுவிடும்!" என்றார் மாமியார்.

அக்கா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தேன். பதற்றத்தில் நானே போட்ட முடிச்சு எனக்கு அவிழவில்லை. வளையல்காரம்மா பிடுங்கி, பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, கட்டியை அக்காவின் கையில் நாலு தேய் தேய்த்தாள். வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. புடவையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

"ஏம்ப்பா, இவ்ளோ நல்ல பொருள எதுக்கு மூட்ட கட்டி வெச்சிக்கீற? குடு இன்னோண்ணு!"

அதற்குப் பிறகு வளையல் போட்டுக்கொள்ள உட்கார்ந்த ஒவ்வொருத்தியும் கையை நீட்டி, "எனக்கும் அதத் தேய்" என்றாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து கட்டிய பொட்டலங்கள் பத்து நிமிடத்தில் பாதிக்கு மேல் காலியாயின. சீட்டை ஒருவர்கூடப் படிக்கவில்லை. மாமியார் தன் கையை முகர்ந்து பார்த்து, "பாகுந்திப்பா, நல்லாருக்கு" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "இது எந்தக் கடையிலமா வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"கடையில இல்ல அத்த," என்றாள் அக்கா. "என் தம்பி செஞ்சது."

மாமியாருக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.