கெனியா புதைத்த பிள்ளை

வார்சாவில் எங்கள் கட்டடத்துக்குக் கெனியாதான் காவல்காரி. வாய் என்றால் அப்படியொரு வாய். சேற்றுக்காலோடு படியேறினால் பாதிரியாரும் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஒரே மகன் ஒலெக், நாற்பத்துநாலில் ஜெர்மானியரை எதிர்த்து நடந்து தோற்றுப்போன எழுச்சியில் செத்தான் என்றான பிறகுதான் அது கொஞ்சம் அடங்கியது.

போர் முடிந்ததும் இடிபாட்டுக்குள் கிடந்த பிள்ளைகளைத் தோண்டி எடுத்தார்கள். முகம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. தாய்மார்கள் பொத்தானையும் தையலையும் வைத்தே பிள்ளையைத் தேடினார்கள். ஒரு சட்டைக் காலரில் தன் கைத்தையலைப் பார்த்தாள் கெனியா. எலும்புகளை அவளே கழுவினாள். ராணுவக் கல்லறையில் பிர்ச் மரச் சிலுவை நட்டு, ஒலெக் பெயர்த் தகட்டை அடித்தாள்.

மறு வருஷம் பக்கத்திலேயே, தோற்றவர்களுக்குப் பெருமை என்று பொறித்த நினைவுக்கல் எழும்பியது. புது கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்கு அதைக் கண்டாலே ஆகாது. விளக்கேற்றுகிறவர்களை வேவு பார்க்க ஆள் போட்டார்கள். கெனியா அவனையும் விடவில்லை.

"சும்மாதானே நிக்கிற? காத்துக்கு மறைப்பா இந்தப் பக்கம் வந்து நில்லு."

நாற்பத்தேழு அக்டோபரில் ஒலெக் உயிரோடு வாசலில் வந்து நின்றான். ஜெர்மானியரின் கைதி முகாம், பிறகு அங்கேயே காசநோய் ஆஸ்பத்திரி. எழுதிய கடிதம் ஒன்றும் வந்து சேரவில்லை. கெனியா அழுதாள், சிரித்தாள், அவனை ஓர் அறைகூட விட்டாள். பிறகு சட்டென்று நின்றாள்.

"அப்போ அந்தச் சட்டை?"

"வித்தெக்குக்குக் குண்டடிம்மா. காய்ச்சல்ல நடுங்கினான். என் சட்டையைக் கழட்டி அவனுக்குப் போட்டுவிட்டேன்."

வித்தெக் மூன்றாம் மாடி போலாவின் மகன், எழுச்சிக்குப் போய்த் திரும்பாதவன். அதற்குள் போலாவே படியிறங்கி ஓடிவந்துவிட்டாள்.

"பாத்தியா கெனியா! புதைச்சவனே வந்துட்டான். எம்பிள்ளை எங்க போயிடப் போறான்?"



போலா மகனின் மெத்தையை வெயிலில் போட்டாள், கோட்டுக்குப் பொத்தான் தைத்தாள். சட்டை விஷயத்தைக் கெனியா என்னிடம் சொல்லியிருந்தாள். "சொல்லித் தொலைக்காதே, அந்த நம்பிக்கையிலதான் அவ சாப்பிடறா" என்று கெனியாவிடம் சொன்னேன்.

"அவன் எம்பிள்ளை பேர்ல படுத்திருக்கான்டி. அவன் பேரைச் சொல்லி ஒரு விளக்கு இல்ல" என்றாள்.

நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைக்குப் போகும் நாள். ஒலெக் பெயர்த் தகட்டைக் கழற்ற வேண்டும் என்று போலாவே சுத்தியலோடு எங்களுடன் புறப்பட்டாள். வழியெல்லாம் சிரிப்பு. சிலுவை முன்னால் மண்டியிட்டு, "யார் பெத்த பிள்ளையோ, பாவம்" என்றாள்.

கெனியா அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். சட்டையைப் பற்றிச் சொன்னாள்.

போலா அழவில்லை. குனிந்து மண்ணைக் கையால் தடவினாள்.

"தோண்டின அன்னிக்கு நானும் உன்னோட வந்தேனே கெனியா. நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்திக்கிட்டுத் திரும்பி நின்னேனே."