பதினோரு நாள் குறைவு

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் பணியிடம் காலியாக இருப்பதாக இணையதளத்தில் அறிவிப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று மாலையே சாரம் பகுதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதை அச்செடுத்து என் மனைவியிடம் கொடுத்தேன். மகன் பிறந்த பிறகு வேலையை விட்டவள் அவள். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனால் மூன்று ஆண்டுக் கள ஆய்வு அனுபவம் கேட்டிருந்தார்கள்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அதே பல்கலைக்கழகம் மீனவர் கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்றில் அவள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் என்னிடம் இருந்தன. கணக்கிட்டுப் பார்த்ததில் பதினோரு நாள் குறைந்தது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருந்த விண்ணப்பத்தை மடித்து வைத்தாள். படுக்கப் போகும்போது கேட்டாள்.

"உங்க நோட்டுல இல்லாத நாள்ல நான் வேலையே பார்க்கலையா?"

மறுநாள் தன் பழைய மேற்பார்வையாளருக்குத் தானே போன் செய்தாள். ஓய்வு பெற்று உப்பளம் பகுதியில் குடியிருக்கும் அந்த அம்மா, சனிக்கிழமை வரச் சொன்னார். போனோம். ஆய்வின் வருகைப் பட்டியல் நகல்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். பக்கங்களைப் புரட்டி, நான் குறித்திருந்த தேதிக்கு முன்பே இரண்டு வாரம் கடலோரத்தில் பயிற்சி நடந்ததைக் காட்டினார். சம்பளத்தோடு நடந்த பயிற்சி, அதுவும் பணிக்காலம்தான். தினமும் என் மனைவியின் கையெழுத்து இருந்தது.

என் குறிப்பில் அப்படி எதுவும் இல்லையே என்றேன். அந்த நாட்களை வாசிக்கச் சொன்னார். பையிலிருந்து எடுத்து வாசித்தேன்: 'காலையில் கடற்கரைக் கிராமத்துக்குப் போனாள். நெத்திலி வாங்கி வந்தாள்.' அடுத்த நாள்: 'இன்று சங்கரா.'

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"மீன் பேரெல்லாம் கரெக்டா எழுதி வச்சிருக்கீங்க சார். உங்க வீட்டம்மா அங்க எதுக்குப் போனாங்கன்னுதான் கேக்கல."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சற்றுத் தாமதமாக.

விண்ணப்பிக்கச் செவ்வாய்க்கிழமை கடைசி நாள். திங்களன்று அந்த அம்மா, மூட்டு வலியோடு பஸ் ஏறி, துறைத்தலைவரின் அறைக்கு வெளியே மதியம் வரை காத்திருந்து, அனுபவச் சான்றிதழில் கையெழுத்து வாங்கித் தந்தார். அவருக்கு அப்படிச் செய்யவேண்டிய கடமை எதுவும் இல்லை. பஸ்ஸுக்குக்கூட எங்களிடம் காசு வாங்கவில்லை. இதை எழுதும்போதும் மனம் நெகிழ்கிறது. என் பிழையை நம்பி சும்மா இருந்துவிடாத மனைவிக்கும் நன்றி சொல்லவேண்டும். நேரில் சொன்னால் கிண்டல் செய்வாள்.

நேர்முகத் தேர்வு முடிந்து பணி ஆணை வந்த அன்று அந்த அம்மாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் சார். எட்டு மணிக்கு அவங்க பஸ் புடிக்கணும். சாப்பாடு யாரு கட்டப் போறா?"

நான்தான் என்றேன். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.