திரைக்குள் யார் பெல்ட் கட்டுவது?

இடுப்பு பெல்ட் விற்கும் கடையில் எல்லாருடைய வலியையும் கேட்கலாம், நம் வலியை மட்டும் வாய் திறந்து சொல்லக்கூடாது. நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

லேக் கார்டன்ஸில் ஒரு சர்ஜிக்கல் கடை. பெண்களுக்கு பெல்ட் கட்டிப் பார்க்க மூலையில் திரை போட்ட இடம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பன்னிரண்டு வருடமாக அதுதான் ஆபீஸ். இந்த வருடம் பாயல் வந்தாள். பிசியோதெரபி உதவியாளர் படிப்பு, இருபத்து மூன்று வயது. என்னை வங்காளி வழக்கப்படி அக்கா என்று "திதி" போட்டுக்கூட இல்லை, சித்தி என்று "மாஷி" போட்டுக் கூப்பிடுகிறாள். முதலாளி சொல்லிவிட்டார்: "துர்கா பூஜை வரைக்கும் ரெண்டு பேரும் கட்டுங்க. அப்புறம் திரைக்குள்ள ஒருத்தர்தான், இன்னொருத்தர் கவுண்டர்."

பாவாடை முடிச்சு

நியூ டவுனில் ஐ.டி. வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. படுக்கையில் புரண்டால் இடுப்பு மூட்டு சுண்டி இழுக்கிறதாம். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் பாயலை முந்திக்கொண்டு ஓடி, வழக்கம்போல் பாவாடை முடிச்சு வரும் இடத்தில் கட்டி அனுப்பினேன்.

இரண்டாம் நாளே திரும்பி வந்தாள். பாயல் பெல்ட்டை நாலு விரல் கீழே இறக்கி, தொடை எலும்பு துருத்தும் இடத்தில் சுற்றி லேசாக இழுத்தாள். அந்தப் பெண் இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க அக்கா, அன்னைக்கு நீங்க வயித்துக்குங்களா பெல்ட் போட்டு உட்டீங்க?"

கால் தூக்கும் வித்தை

பாயல் ஆளைப் பெஞ்சில் படுக்கவைத்து ஒரு காலைத் தூக்கச் சொல்வாள். கால் கல்லாகக் கனக்கும். பிறகு இடுப்பின் இரு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துத் தூக்கச் சொன்னால் லேசாகப் போகும். மூட்டைப் பிடித்துக்கொண்டால் தசை அவ்வளவு முக்க வேண்டாமாம். லேசாகாதவர்களுக்கு பெல்ட் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். முதலாளி அதற்கும் பாராட்டுகிறார்!

பத்து வருடமாக என்னிடமே வரும் பௌதி ஒருத்தி, நம்மூர் அண்ணி மாதிரி. நான் திரையை விலக்கிப் பிடித்து நிற்கிறேன், அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறாள்: "நீ போய் டீ குடி திதி, அந்தப் பொண்ணு சாப்பிட்டு வரட்டும்."

கழற்றாதீங்க

"நடக்கும்போது மட்டும் போடுங்க" என்பாள் பாயல். அவளைவிட எனக்கு அக்கறை அதிகம் என்று காட்ட, டாலிகஞ்சிலிருந்து வரும் வயதான மாஷிமா ஒருவரிடம் "தூங்கும்போதுகூடக் கழற்றாதீங்க" என்றேன். ஒரு மாதத்தில் பெல்ட் இல்லாமல் பாத்ரூம் போகவே பயப்படும் நிலையில் வந்தார். எல்லா வேலையையும் பெல்ட்டே பார்த்தால் தசை சும்மா இருந்து பழகிவிடும், பயிற்சியும் வேண்டும் என்று முதலாளி காதுபட விளக்கினாள் பாயல். மாஷிமா என்னைக் கைகாட்டினார்: "இவ பேச்சைக் கேட்டு குளிக்கத்தான் கழட்டினேன், அதுவும் பயந்துகிட்டே!"

ஸ்டூல்

பூஜைக்கு ஒரு வாரம். மேல்தட்டுப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஒரு காலை வைத்தேன், மற்றக் கால் எழவில்லை. மூன்று வருட வலி. தெரிந்தால் வேலைக்கே ஆகாதவள் என்பார்களே என்று மறைத்தது. ஒளித்து ஒளித்து நானும் பெல்ட் கட்டிப் பார்த்தவள்தான், பாவாடை முடிச்சு இடத்தில்.

என்னுடைய பெஞ்சிலேயே என்னைப் படுக்கவைத்தாள் பாயல். கால் அசையவில்லை. அவள் இரு கையாலும் அழுத்திப் பிடித்தாள், எழுந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். பெல்ட்டைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "மாஷி, இந்த வலியோடயா இத்தனை நாளும் என்கூடப் போட்டி போட்டீங்க?"

இப்போது திரைக்குள் அவள், கவுண்டரில் நாலு விரல் கீழே கட்டிய பெல்ட்டோடு நான். வலி குறைந்திருக்கிறது, பொறாமைக்குத்தான் எங்கள் கடையில் இன்னும் சைஸ் வரவில்லை.