ஏழாவது காராமணி

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. ஆனால் என் காதை யாரும் அடைக்கவில்லை. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கூடத்தில், காலேஜில் படித்த கொழுந்தன் தன் சிநேகிதனுக்கு ரசாயனப் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுப்பான். நான் அடுக்களையில் மாவரைத்தபடி கேட்பேன். அணுவின் நடுவில் புரோட்டானும் நியூட்ரானும். சுற்றிலும், கனமே இல்லாதது மாதிரி எலெக்ட்ரான். புரோட்டான் எத்தனையோ அதுதான் அணு எண். பெயர் அதை வைத்துத்தான். நியூட்ரானையும் சேர்த்து எண்ணினால் நிறை எண்.

அந்த வருஷ நவராத்திரிக் கொலுவில் கடைசிப் படியில் ஒரு தட்டு வைத்தேன். புரோட்டானுக்கு மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதை ஆறு, நியூட்ரானுக்கு வெள்ளைக் காராமணி, சுற்றிப் போட்ட மாவுக்கோட்டில் கடுகு ஆறு. கரி அணு, அதாவது கார்பன்.

"சுண்டலுக்கு வேண்டியதெல்லாம் படியேறி உக்காந்துண்டிருக்கே, ஏண்டி!" என்றார் மாமியார். கொலு பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பட்டில் சுற்றிப் பூஜைக்கு வைத்தோம். பிறகுதான் கொழுந்தன் குனிந்து எண்ணினான்.

"மன்னி, காராமணி ஏழு இருக்கே! கரியோட நிறை எண் பன்னெண்டு. இது பதிமூணு. தப்பு!"

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கொலுப்படி ஐந்தோ ஏழோ, ஒற்றைப்படையாகத்தான் வைப்போம். பன்னிரண்டோடு நிறுத்தக் கை வரவில்லை. ஒன்று கூடப் போட்டேன். வெள்ளையாகப் பார்த்துத்தான் போட்டேன்.

"தப்புன்னா எடுத்துடு. சரஸ்வதி முன்னாலே வெக்கப்படாது" என்றார் மாமியார்.

"எடுக்க மாட்டேம்மா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சிவப்பு ஆறா இருக்கற வரைக்கும் அது கரிதான். வெள்ளை கூடினா கனம்தான் கூடும். பேர் மாறாது."

"அப்படி ஒரு கரி லோகத்துலே உண்டோ?" என்று கொழுந்தன் புத்தகத்துக்குக் கை நீட்டினான்.

"தொடாதே! தசமி வரைக்கும் ஒரு அக்ஷரம் வாசிக்கப்படாது!" என்று தடுத்தார் மாமியார்.

"அப்போ அதுவரைக்கும் தட்டும் அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை. விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அந்த ஏழாவது காராமணி கண்ணில் பட்டது. இரண்டு விரலால் எடுத்துப் போட்டால் வீடு சமாதானமாகிவிடும். எடுக்கவில்லை.

விஜயதசமி காலையில் கொழுந்தன் பட்டைப் பிரித்தான். பக்கத்தைத் தேடி வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"இருக்கும்மா" என்றான் மெதுவாக. "பதிமூணு கனத்துலேயும் கரி இருக்காம். நூத்துலே ஒண்ணு."

மாமியார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினார். அன்று வீட்டில் எல்லோரும் அதில் விரலால் எழுத வேண்டும். என் முறை வந்தபோது அணு எண் ஆறு என்று எழுதி, அதன் தலைக்கு மேல் நிறை எண் பதின்மூன்று எழுதினேன்.

"இதென்னடி எழுத்து?" என்று அழிக்கக் கை நீட்டினார்.

தாம்பாளத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.